உளவியல் படிப்பில் வெற்றியைத் தீர்மானிப்பவை எவை? ஆய்வுகள் கூறுவது என்ன? – ஒரு விளக்கம்

மயூர் விஹார் (தில்லி): பன்னிரண்டாம் வகுப்பில் உளவியலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்ற மாணவி ஒருவர், கல்லூரியின் முதல் பருவத் தேர்வில் தடுமாறுகிறார். பள்ளியில் அந்தப் பாடத்தையே படித்திராத வேறொரு மாணவர் அதே வகுப்பில் நன்றாகத் தேறுகிறார். இத்தகைய முரண்பாடு எந்தக் கல்லூரிக்கும் புதிதன்று. இதற்கான காரணங்களை அறிவுத்திறனிலோ அதிர்ஷ்டத்திலோ தேட வேண்டியதில்லை. மனிதர் எவ்வாறு கற்கின்றனர் என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வரும் துறையே உளவியல். அத்துறை தன் மாணவர்களையே பலமுறை ஆய்வுக்கு உட்படுத்தியுள்ளது.

தமிழ், மலையாளக் குடும்பங்கள் கணிசமாக வாழும் கிழக்கு தில்லியின் மயூர் விஹார் பகுதியிலிருந்து நாள்தோறும் ஏராளமான மாணவர்கள் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். அவர்களில் உளவியலைத் தேர்ந்தெடுத்தவர்களும், தேர்ந்தெடுக்க எண்ணுபவர்களும், அவர்களின் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இந்த விளக்கக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

இப்போது இந்தக் கேள்வி ஏன் எழுகிறது?

மூன்று மாற்றங்கள் இக்கேள்விக்கு அவசரத்தைக் கூட்டியுள்ளன.

முதலாவது, 2022-ஆம் ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் அன்றி, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் (கியூட்) அடிப்படையில் நடைபெறுகிறது. தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதக்கூடிய இத்தேர்வின் வழியாக, தமிழ்நாட்டிலிருந்தும் மாணவர்கள் தில்லிக் கல்லூரிகளுக்கு வருகின்றனர்.

இரண்டாவது, அதே ஆண்டில் புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டு இளநிலைப் படிப்பு அறிமுகமானது. நான்காம் ஆண்டில் ஆய்வுப் பணிக்கு இடமளிக்கும் இந்த அமைப்பில், மாணவர் வெறும் பாடத்தை ஒப்பிக்கும் நிலையிலிருந்து தரவுகளைத் திரட்டிப் பகுத்தாயும் நிலைக்கு உயர வேண்டியுள்ளது.

மூன்றாவது, தொலைநிலைக் கல்வி தொடர்பானது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலை முறையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 ஆகஸ்டில் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2025 ஜூலை–ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இன் வரம்புக்குள் உளவியல் வருவதே இதற்குக் காரணம். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பியவர்களும் இதுவரை அஞ்சல்வழிப் படிப்பை மாற்று வழியாகக் கொண்டிருந்தனர். அந்த வழி அடைபட்ட நிலையில், நேரடி வகுப்பில் கிடைக்கும் இடத்தின் மதிப்பு கூடியுள்ளது. கிடைத்த இடத்தை வீணாக்காமல் படிப்பது எப்படி என்ற கேள்வியும் அத்துடன் சேர்ந்தே எழுகிறது.

எதிர்பார்ப்பும் பாடத்திட்டமும்

பிறர் மனத்தை அறிந்துகொள்ளும் கலை என்ற எண்ணத்துடன் உளவியலுக்கு வருவோர் பலர். துயருற்ற நண்பருக்கு ஆறுதல் கூறிய அனுபவம், திரைப்படங்களில் கண்ட மனநல மருத்துவர், சமூக ஊடகக் காணொலிகள் ஆகியவை இந்த எண்ணத்தை வளர்க்கின்றன. வகுப்பறையில் அவர்கள் சந்திப்பது வேறு: நரம்பு மண்டலத்தின் அமைப்பு, புலனறிவு, நினைவாற்றல், ஆய்வு முறைகள், உளவியல் சோதனைகளின் நம்பகத்தன்மை, புள்ளியியல்.

இந்தியாவில் இத்துறை தொடங்கிய விதமே இதை உணர்த்தும். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பரிசோதனை உளவியலுக்கான பாடத்திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டு, ஆய்வகமும் நிறுவப்பட்டது. தென்னிந்தியாவில் மைசூர்ப் பல்கலைக்கழகம் 1924-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1943-இலும் உளவியல் துறையைத் தொடங்கின. ஆறுதல் கூறும் கலையாக அன்றி, அளந்து பார்க்கும் அறிவியலாகவே உளவியல் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது.

பள்ளிப் படிப்பும் ஓரளவே துணைசெய்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சிபிஎஸ்இ) உளவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்ணும் செய்முறைக்கு 30 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. சொல்வளமும் வரையறைகளை நினைவில் வைக்கும் திறனும் அங்கே கைகொடுக்கும். கல்லூரியிலோ, ஓர் ஆய்வின் முடிவைப் படித்து, அதன் குறை என்ன, வேறு விளக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் உளவியல் ஒரு பாடமாகவே இல்லை. எனவே அங்கிருந்து வருவோர் சொற்களில் பின்தங்கலாம். ஆயினும், கணிதமோ உயிரியலோ படித்தவர்களுக்குப் புள்ளியியலும் நரம்பியலும் எளிதாக அமையக்கூடும். தொடக்கத்தில் கூறப்பட்ட முரண்பாட்டுக்கு இது ஒரு காரணம்.

முன்னறிவே தடையாவதும் உண்டு

தெரியாததைக் கற்பதைவிட, தவறாகத் தெரிந்ததை மறப்பது கடினம். மனிதர் தம் மூளையில் 10 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகின்றனர் என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. ஒருவர் கண்ணால் கற்பவர், மற்றொருவர் காதால் கற்பவர், அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்கு கற்பர் என்பதும் அத்தகையதே. ஹெரால்டு பாஷ்லரும் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இந்தக் ‘கற்றல் பாணி’க் கொள்கைக்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறியது.

அறிமுக உளவியலைப் படித்து முடித்த பின்னரும் இத்தகைய நம்பிக்கைகள் பல மாணவர்களிடம் நீடிப்பதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். சரியானதை மட்டும் சொல்லிச் செல்வது போதாது. தவறான கருத்தை முதலில் வெளிப்படையாக எடுத்துரைத்து, அது ஏன் தவறு என்று சான்றுடன் மறுக்கும் கற்பித்தலே கூடுதல் பயன் தருகிறது. மாணவரும் தமக்குத் தாமே இதைச் செய்துகொள்ளலாம்: ஒவ்வொரு பாடத்தையும் தொடங்கும் முன் அதுபற்றித் தாம் நம்புவதை இரண்டு வரியில் எழுதி வைத்து, முடித்த பின் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வகுப்புக்கு வருவது எவ்வளவு முக்கியம்?

இதற்கான விடை பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். மார்கஸ் கிரேடேவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கல்லூரி வருகைப்பதிவு குறித்த பல ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2010-இல் ஒரு பகுப்பாய்வை வெளியிட்டனர். கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிக் கணிக்கும் காரணிகளில், நுழைவுத் தேர்வு, பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கம் ஆகிய அனைத்தையும்விட வகுப்பு வருகையே வலுவானது என்பது அவர்களின் முடிவு. அதே ஆய்வு மற்றொன்றையும் சுட்டியது: வருகையைக் கட்டாயமாக்கும் விதிகளால் மதிப்பெண் உயரும் அளவு சிறிதே. அதாவது, வருகைப்பதிவேட்டில் இடம்பெறுவது வேறு, வகுப்பில் மனத்தை இருத்துவது வேறு.

தில்லிப் பல்கலைக்கழக விதிகளின்படி, மூன்றில் இரண்டு பங்கு வருகை இருந்தால்தான் மாணவர் பருவத் தேர்வை எழுத முடியும். மயூர் விஹார் மாணவர்களைப் பொறுத்தவரை, வருகை என்பது பயணத்துடன் பின்னிப்பிணைந்தது. உளவியல் சிறப்புப் பாடம் உள்ள இந்திரப்பிரஸ்தா, தௌலத் ராம் கல்லூரிகள் நகரின் வடக்கிலும், லேடி ஸ்ரீராம், கமலா நேரு, கார்கி கல்லூரிகள் தெற்கிலும், ஜாகிர் உசேன் தில்லிக் கல்லூரி மையப் பகுதியிலும் உள்ளன. மயூர் விஹார் முதலாம் பகுதியில் வசிப்போர் நீல வழித்தடத்தில் ராஜீவ் சௌக் சென்று, மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி விஸ்வவித்யாலயா நிலையத்தை அடையலாம். லாஜ்பத் நகருக்கு இளஞ்சிவப்பு வழித்தடத்தில் நேரடியாகவே செல்லலாம். மூன்றாம் பகுதியில் இருப்பவர்கள் மெட்ரோவைப் பிடிக்கவே பேருந்திலோ இ-ரிக்‌ஷாவிலோ செல்ல வேண்டும்.

நாளொன்றுக்குப் பயணத்தில் கழியும் நேரம் படிப்புக்கு எதிரி போலத் தோன்றும். அந்த நேரத்தையும் படிப்புக்குத் திருப்ப வழி உண்டு. அது அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

மீண்டும் படிப்பதா, நினைவுகூர்வதா?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் நினைவு எவ்வளவு விரைவில் தேய்கிறது என்று அளந்து வெளியிட்டார். கற்ற உடனே மறதி வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்று அவர் கண்டார். மறதியை எதிர்கொள்வது எப்படி என்பதே அதன் பின்னர் வந்த ஆய்வுகளின் மையக் கேள்வி.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குத் தெளிவான விடை அளித்தது. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தனர். பின்னர் ஒரு சாரார் அதையே மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காட்டையும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. மீண்டும் படித்தவர்களிடம் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன.

தேர்வுக்கு முந்தைய இரவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மாணவருக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. அந்த நேரத்தில் உண்மையாகவே தெரிந்திருக்கும். ஆனால் அது நிலைப்பதில்லை.

ஜான் டன்லோஸ்கி தலைமையிலான குழு 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டது. தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் பல நாட்களில் படிப்பது ஆகிய இரண்டு மட்டுமே உயர்ந்த பயனுடையவை என்று அக்குழு வகைப்படுத்தியது. மாணவர்கள் பெரிதும் நம்பும் வண்ணப் பேனாவால் கோடிடுதல், மீண்டும் படித்தல், சுருக்கம் எழுதுதல் ஆகியவை குறைந்த பயனுடையவை என்ற பிரிவில் இடம்பெற்றன.

மெட்ரோப் பயணம் இங்கேதான் பயன்படுகிறது. முந்தைய நாள் வகுப்பின் மூன்று முக்கியக் கருத்துகளைக் குறிப்பேட்டைத் திறக்காமல் நினைவுகூர்ந்து, அதன் பின்னரே குறிப்பேட்டைத் திறந்து சரிபார்க்க, ராஜீவ் சௌக் வருவதற்குள் நேரம் போதும். உட்கார இடமும் மேசையும் தேவையில்லை என்பது இம்முறையின் கூடுதல் நன்மை.

சிறு தேர்வுகள் இடைவெளியைக் குறைக்குமா?

உளவியல் வகுப்பிலேயே இதைச் செயல்படுத்திப் பார்த்த நிகழ்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அறிமுக உளவியல் கற்பித்த ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாமுவேல் காஸ்லிங் ஆகியோர், பருவத்தில் சில பெரிய தேர்வுகளை நடத்தும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் எட்டு வினாக்கள் கொண்ட சிறு தேர்வை நடத்தினர். விடை சரியா, தவறா என்பது உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டது. அம்முறையில் பயின்ற 901 மாணவர்களை, முந்தைய முறையில் பயின்ற 935 மாணவர்களுடன் ஒப்பிட்டு 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

சிறு தேர்வு எழுதியவர்கள் அப்பாடத்தில் மேம்பட்டதுடன், அவர்கள் படித்த பிற பாடங்களிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். வசதியுள்ள குடும்பத்து மாணவர்களுக்கும் வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்பதே அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. எப்படிப் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத மாணவருக்கு, வகுப்பின் ஒழுங்கமைப்பே வழிகாட்டியாக அமைகிறது. தனிப்பட்ட முயற்சியை மட்டும் வலியுறுத்தினால், கல்லூரியின் கடமை மறைந்துவிடும் என்பதை இது நினைவூட்டுகிறது.

தன்னை மதிப்பிடுவதில் ஏற்படும் பிழை

‘எனக்குத் தெரியும்’ என்ற உணர்வு நம்பத்தக்கதா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, உளவியல் மாணவர்களிடமே நடத்தப்பட்டது. தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை உணர்வு ஆகியவற்றில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற கால்பங்கினர், நூறு பேரில் சராசரியாக 12 பேரைவிட மட்டுமே மேலான நிலையில் இருந்தனர். தாங்களோ 62 பேரைவிட மேல் என்று மதிப்பிட்டனர். ஒரு செயலைச் சரியாகச் செய்வதற்கான அறிவும், அதில் செய்த தவறைக் கண்டறிவதற்கான அறிவும் ஒன்றே என்பதால் இந்நிலை ஏற்படுகிறது என்பது அவர்களின் விளக்கம். இதில் புள்ளியியல் விளைவுகளுக்கும் பங்குண்டு என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

இதன் மறுபக்கத்தை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தாமே கணக்குகளைச் செய்து கற்ற மாணவர்கள், குறைவாகக் கற்றதாக உணர்ந்தனர். ஆனால் தேர்வில் அதிகம் பெற்றனர். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள், நிறையக் கற்றதாக உணர்ந்தனர், தேர்வில் பின்தங்கினர். கற்றலின்போது உணரப்படும் சிரமத்தைத் தோல்வியின் அறிகுறியாகக் கொள்ளலாகாது என்பது இதன் பாடம்.

அதேவேளை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கும் இடமுண்டு. மிஷெல் ரிச்சர்ட்சன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், மதிப்பெண்ணுடன் மிக நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது, குறிப்பிட்ட பாடத்தில் தன் திறன்மீது மாணவர் கொண்டிருக்கும் நம்பிக்கையாகும். ஆனால் முந்தைய தேர்வுகளில் நன்றாகச் செய்தவருக்கே இந்நம்பிக்கை மிகுதி என்பதையும் கருத வேண்டும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதன்று.

மடிக்கணினியும் கைபேசியும்

கையால் எழுதுவது மடிக்கணினியில் தட்டச்சு செய்வதைவிடச் சிறந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு உலகெங்கும் செய்தியானது. பின்னர் 2019-லும் 2021-லும் அதே ஆய்வை மீண்டும் செய்து பார்த்தவர்களுக்கு அத்தகைய தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஓர் ஆய்வின் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கவனச் சிதறல் குறித்த சான்றோ இதைவிட உறுதியாக உள்ளது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபாரியா சனாவும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட பரிசோதனையில், வகுப்பின்போது மடிக்கணினியில் வேறு வேலைகளையும் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட 11 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். அவர்களின் திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்தவர்களோ 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்பெடுக்கும் கருவி எது என்பதைவிட, அதில் வேறென்ன திறந்திருக்கிறது என்பதும், அருகில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதும் முக்கியம்.

உறக்கம்: தேர்வுக்கு முந்தைய இரவு போதாது

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் மாணவர்களின் உறக்கத்தைக் கைப்பட்டைக் கருவிகளால் அளந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. தேர்வுக்கு முந்தைய ஒரு இரவின் உறக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. பாடத்தைக் கற்ற வாரத்திலும் மாதத்திலும் போதிய அளவு, நாள் தவறாமல் ஒரே சீராக உறங்கியவர்களே நன்கு தேறினர். வேறுபாட்டில் ஏறத்தாழக் கால்பங்கு உறக்க அளவீடுகளுடன் தொடர்புடையதாக இருந்தது. காலை எட்டரை மணி வகுப்புக்கு ஆறரை மணிக்கே கிளம்ப வேண்டிய மாணவர், இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதன் விலையைப் பருவ இறுதியில் செலுத்துகிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

புள்ளியியல் அச்சம்

உளவியல் மாணவர்கள் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுவே. கணிதத்திலிருந்து விலகுவதற்காகவே கலைப் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்கள், திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவுக் கெழுவையும் கண்டு திகைக்கின்றனர். புள்ளியியல் மீதான அச்சத்தை அளப்பதற்கென்றே உளவியலாளர்கள் அளவுகோல்களை உருவாக்கியுள்ளனர் என்பதிலிருந்து அதன் பரவலை ஊகிக்கலாம்.

இந்த அச்சம் பெரும்பாலும் கணக்கைப் பற்றியதன்று. கூட்டலும் பெருக்கலும் வர்க்கமூலமும் தெரிந்தால் இளநிலைப் பாடத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று தீர்மானிப்பதே கடினம். எனவே சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே தரவை வைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது பயன் தரும். உளவியலை விரும்பிச் சேர்ந்து புள்ளியியலைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குவோர், மூன்றாம் பருவத்துக்குள் இரண்டு பாடங்களையும் இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.

மொழியும் சேர்ந்திருக்கும் உணர்வும்

தில்லிப் பல்கலைக்கழகத்தில் விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். தமிழ்வழியில் பயின்று வந்தவருக்கு இரண்டுமே அயல்மொழிகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்த தில்லித் தமிழருக்கு இச்சிக்கல் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து நேராக வருபவருக்கோ, கருத்து புரிந்தும் சொல் வராத நிலை முதல் ஆண்டு முழுவதும் தொடரலாம். மொழிச் சிக்கலை அறிவுக் குறைபாடாகத் தாமே தவறாக எண்ணிக்கொள்வதுதான் இதில் உள்ள ஆபத்து.

கருத்தை முதலில் தமிழில் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டு, பின்னர் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் பொருத்திக்கொள்வது இங்கே உதவும். தாய்மொழியில் ஒரு கருத்தை எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியாதவர், அதை ஆங்கிலத்தில் ஒப்பித்தாலும் புரிந்துகொண்டவர் ஆகமாட்டார். தமிழில் உளவியல் பற்றி வீட்டில் தாயிடமோ பாட்டியிடமோ ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பதே ஒரு நல்ல சோதனை.

‘நான் இங்கே பொருந்துகிறேனா?’ என்ற ஐயமும் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் அந்நியமாக உணர்வது எல்லோருக்கும் இயல்பு, அது காலப்போக்கில் மாறும் என்பதை உணர்த்தும் ஒரு மணி நேரப் பயிற்சி முதலாண்டு மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களுடனான இடைவெளி பாதியாகக் குறைந்தது. பின்னர் 22 கல்வி நிறுவனங்களில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இத்தகைய பயிற்சி எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பலன் தருவதில்லை என்று தெளிவுபடுத்தியது. உண்மையாகவே ஏற்றுக்கொள்ளும் சூழல் உள்ள கல்லூரிகளில்தான் அது பலித்தது. மாணவரின் மனநிலையை மட்டும் மாற்றிவிட்டு, நிறுவனம் மாறாமல் இருப்பதால் பயனில்லை.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

இப்படிப்பில் வெற்றி என்பதை மதிப்பெண்ணால் மட்டும் அளக்க இயலாது. இளநிலை உளவியல் பட்டம் பெற்றவர் சிகிச்சை அளிக்கும் தகுதி பெற்றவர் ஆவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த, மேற்பார்வையுடன் கூடிய முழுநேரப் பயிற்சி அதற்கு அவசியம். மயூர் விஹாரிலிருந்து தொலைவில் அல்லாத தில்ஷாத் கார்டனில் உள்ள மனித நடத்தை மற்றும் துணை அறிவியல் நிறுவனம் (இபாஸ்) அத்தகைய பயிற்சி அளிக்கும் நிறுவனங்களில் ஒன்று. அங்கே இடம் பெறுவதற்கான அடித்தளம், முதலாண்டில் ஒதுக்கிவைத்த ஆய்வு முறைகளிலும் புள்ளியியலிலும்தான் இடப்படுகிறது.

நாட்டின் தேவையும் பெரிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோரின் அளவு, பாதிப்பின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை உள்ளது. இன்று வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து புள்ளியியலுக்கு அஞ்சும் மாணவரே, நாளை அந்த இடைவெளியின் ஒரு சிறு பகுதியையேனும் நிரப்ப வேண்டியவர். அரைகுறையாகக் கற்றுவிட்டு ஆலோசனை வழங்க முற்படுபவரால் பாதிக்கப்படப்போவது அவருடைய மதிப்பெண் பட்டியல் அன்று, அவரை நம்பி வருபவரின் வாழ்க்கை.

மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. அங்குள்ள வகுப்பறையும் தேர்வு முறையும் வேறு. எனினும் நினைவாற்றல் செயல்படும் விதம் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுவதில்லை. எனவே நினைவுகூர்தல், இடைவெளி விட்டுப் படித்தல், சீரான உறக்கம் ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பின்பற்றலாம். மனநிலை, வகுப்புச் சூழல் தொடர்பான முடிவுகளை மட்டும் நம் சூழலுக்கேற்ப எச்சரிக்கையுடன் பொருத்திப் பார்க்க வேண்டும்.

சேர்க்கைக்கு முன்பே கல்லூரியின் முழுப் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கிப் படித்து, புள்ளியியலும் ஆய்வு முறைகளும் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று பார்ப்பது நல்லது. பயண நேரத்தைக் கணக்கிட்ட பின்னரே கல்லூரிகளின் விருப்ப வரிசையை முடிவு செய்யலாம். முதல் பருவத்தில் மதிப்பெண் குறைந்தால், ‘உனக்கு இந்தப் பாடம் வராது’ என்று முடிவு கட்டுவதற்கு முன், ‘எப்படிப் படித்தாய்?’ என்று பெற்றோர் ஒருமுறை கேட்கலாம். வண்ணக் கோடுகள் நிறைந்த புத்தகத்தைப் பிள்ளை எடுத்துக் காட்டினால், அதை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லலாம். எங்கே தடுமாற்றம் வருகிறதோ, அங்கிருந்து மறுநாள் படிப்பைத் தொடங்கலாம்.